வாசலில் அடுக்கிய அரிசி

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு, உறவினர் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெம்பிளியில், பஸ் இனிப் போகாது என்று எங்களை இறக்கிவிடுகிறார்கள். போன கிழமை விழுந்த பனி கரைந்துகொண்டிருக்க, அதன்மேல் மழையும் கொட்டுகிறது. ஆறு பெருகித் தெருவுக்கே வந்துவிட்டது.

ஒதுங்குவதற்காக எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடையொன்றுக்குள் நுழைகிறேன். என்னைவிட மூத்த கடைக்கார அக்கா தனியே நின்று, தும்புத்தடியால் தண்ணீரை வெளியே தள்ளுகிறார். தள்ளத் தள்ள அது திரும்பி வருகிறது.

"மண்மூட்டை வர நேரமாகுமாம். மீன் ப்ரீசரின்ர மோட்டார் நிலத்தோட இருக்கு, தம்பி. அது நனைஞ்சால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

எனக்குப் புதியவர்களோடு பேச வராது. சுவரோரம் இருக்கும் அரிசி மூட்டைகளைக் கையால் காட்டுகிறேன்.

"அரிசியோ? சாப்பிடுற சாமானைக் கால்படுற இடத்தில போடுறதே?"

"ப்ரீசரோ அரிசியோ, ஒண்டுதான் மிஞ்சும், அக்கா."

"உமக்கு வாயில்லையெண்டெல்லோ நினைச்சன்!"

தும்புத்தடியைச் சாத்திவிட்டு, முதல் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"பிடியும்."

வாசலுக்குக் குறுக்கே அடுக்குகிறோம். கீழ் மூட்டைகள் நனைந்து ஒன்றோடொன்று இறுகுகின்றன. உள்ளே கசிவது இப்போது ஒரு துணியால் ஒற்றியெடுக்கும் அளவுதான். பக்கத்துக் கடை வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்து, தன் வாசலுக்கும் கிடைக்குமா என்று கேட்கிறார்.

"ஓம், ஓம், உமக்கும் தாறன்," என்று தமிழிலேயே சொல்லி, அக்கா அடுத்த மூட்டையின் ஒரு முனையைத் தூக்குகிறார். மறுமுனையை நான் தூக்குகிறேன்.

பாரிஸ் திரும்பி இதை எழுதி முடித்தது, பங்குனி கடைசி ஞாயிறு.