வெள்ளைக்காரத் தம்பியின் விரதம்

போன சனிக்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன.

வெள்ளைச் சட்டை, கறுப்பு டை – இந்த வெயிலிலா! ஒருவன் அமெரிக்கப் பையன். முகம் தக்காளிப் பழம் மாதிரி சிவந்து கிடந்தது. இன்னொருவன் நம்ம பையன், ஈப்போ பக்கமாம். மார்மன் சபை ஊழியர்கள். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருந்தது. மூத்தவராம்! மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அப்படியானால் அறுபதைத் தாண்டிய நான் யார்?

எங்கள் ஜாலானில், அதாவது தெருவில், அவர்களை முதலில் வரவேற்றவை நாய்கள்தான். எதிர்வீட்டு ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது... உடனே மூடிக்கொண்டது. நானும் "நாங்க இந்துங்க தம்பி" என்று மரியாதையாக அனுப்பிவைக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி அஞ்சலை கேட்டைத் திறந்துவிட்டாள்.

"வெயில்ல நிக்கிறீங்களேப்பா... உள்ள வாங்க. டீ கலக்கித் தாறேன்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈப்போ பையன் நெளிந்தான். "மன்னிச்சிருங்க ஆன்ட்டி... நாங்க டீ குடிக்கிறதில்ல. காப்பியும் இல்ல."

நம் வீடுகளில் டீயை வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயமா? அதிலேயே கல்யாணப் பேச்சு முறிந்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அஞ்சலை முகம் சுளிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டேனியல் தம்பி கூட்டமா நீங்க? இருங்க இருங்க, மைலோ கொண்டாறேன்!"

மைலோவுக்குத் தடை இல்லை போலிருக்கிறது. இரண்டு கிளாஸும் ஒரே மூச்சில் காலி.

பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வருஷ ஊழியமாம். சம்பளம் கிடையாது. விடியுமுன் எழுந்து படிப்பு, ஜெபம், அப்புறம் சைக்கிள். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போக வேண்டும். வாரத்தில் ஒருநாள் துணி துவைத்து, அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். "எல்லாரும் கதவ மூடுறாங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். ஈப்போ பையன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அமெரிக்கப் பையன் சிரித்தான். அடுத்த வீட்டுக் கதவு இருக்கிறதே என்றானாம்!

இருபது வயதில் எனக்கு இந்த நெஞ்சுரம் இருந்ததா? சத்தியமாக இல்லை. ஆனால் இருந்த ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

"அந்தக் கதைய இவங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றாள் அஞ்சலை. சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி, கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட அவசர காலம். சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். நானும் அஞ்சலையும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவர்கள். இரண்டு பேருமே பால்மரம் சீவினோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. வீட்டில் அரிசி வைத்திருக்கவும் முடியாது. பொது அடுப்பில் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் தருவார்கள் – அதுவும் நாங்கள் வேலை முடிந்து மத்தியானம் திரும்பிய பிறகு. விடியற்காலையில் ஒரு வாய் வரக்காப்பியோடு கிளம்புவோம். கேட்டில் காவல்காரர்கள் வாளி, தலைத்துண்டு, மடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அஞ்சலைக்கு அப்போது ஐந்து மாசம். அதற்கு முந்தின வருஷம் வயிற்றில் வந்தது தங்கவில்லை. "இதாச்சும் தங்கணும்னா வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லிவிட்டார். எங்கே போய்ச் சாப்பிடுவது? ஒன்பது மணிக்கெல்லாம் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். தூரத்திலிருந்து பார்க்கிற நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த நாளில்தான் டேனியல் வந்தான். அமெரிக்கன், நெட்டை, வயசு இருபதுதான். கூடவே குட்டையாக ஒரு கூட்டாளி. ஏதோ ஒரு சபையிலிருந்து வந்தவர்கள். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. இந்த மார்மன் பிள்ளைகளுடைய சபைதானா? தெரியாது. டீ வேண்டாம் என்ற அளவில் சொந்தக்காரர்கள்தான்!

டவுனில் ஒரு கடை மாடியில் தங்கிக்கொண்டு, தினமும் இருட்டோடு சைக்கிள் மிதித்து வருவார்கள். அந்தச் சாலையில் வெள்ளைத்தோல் தெரிந்தால் எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து குண்டு வருமோ என்று தோட்டத்துத் துரையே துப்பாக்கிக்காரர்களோடுதான் போவார். இவர்களிடம் இருந்ததோ ஒரு வேதப் புத்தகமும் சைக்கிள் பம்ப்பும். "நாங்கள் தங்களுக்கு உதவி செய்யலாமா, ஐயா?" என்று புத்தகத் தமிழில் கேட்டு, எங்கள் பால் வாளிகளை வாங்கிச் சுமப்பார்கள். துரைக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. உங்கள் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

முதல் நாள் கேட்டில் அவர்களை யாரும் தொடவில்லை. வெள்ளைக்காரனை யார் சோதிப்பது? ஒன்பது மணிவாக்கில் டேனியல் பையைத் திறந்து ரொட்டியை எடுத்தான். சுற்றிலும் பார்த்தான். யாரும் சாப்பிடவில்லை.

"நீங்கள் உண்ணவில்லையா?" என்று என்னைக் கேட்டான்.

சட்டத்தைச் சொன்னேன். மரத்தில் சாய்ந்து நின்ற அஞ்சலையைப் பார்த்தவன், அப்படியே ரொட்டியை அவளிடம் நீட்டினான். நான் பாய்ந்து தடுத்தேன். "வேணாம் தம்பி! ஒரு துண்டு கீழ விழுந்தாலும் புடிச்சுட்டுப் போறது எங்களத்தான்."

அவன் முகம் செத்துவிட்டது. ரொட்டியைப் பையில் போட்டு, கேட்டுக்கே திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் கேட்டில் எங்களோடு வரிசையில் நின்றான். தானே பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பையில் ரொட்டி இல்லை. வெள்ளைக்காரன் வரிசையில் நிற்கிறான் என்றதும், பெண்களைச் சோதிக்கிறவர்களின் கைக்கும் வாய்க்கும் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பையன்களும் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. எங்களுக்கு இல்லாதது அவர்களுக்கும் வேண்டாமாம்.

எவ்வளவு நல்ல மனசு! ஆனால் அதனால் வந்தது பாருங்கள் வினை...

பொது அடுப்புக்குப் பொறுப்பு மாரியாயி அக்கா. அவர் ஒரு வாரம் நோட்டம் விட்டார். காலையில் சாப்பாடில்லை. டீ இல்லை, காப்பி இல்லை, கள் இல்லை, சுருட்டு இல்லை. அடிக்கடி கண்ணை மூடிக் கும்பிடுகிறான். இதற்கு என்ன அர்த்தம்?

"வெள்ளக்கார சாமி வெரதம் இருக்குதுடி!"

தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. விரதக்காரருக்குப் படைக்காமல் நாம் சாப்பிடலாமா? மத்தியானம் பையன்கள் வேலிக்குள் வந்ததும் தடுக்கை விரித்து உட்கார வைத்து, முதல் சோறு அவர்களுக்கு. ஆனால் ரேஷனில் அவர்கள் தலை ஏது? ஒவ்வொரு பெண்ணும் தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தாள். அஞ்சலை? பாதிச் சோறு! விரதக்காரர் வயிறு குளிர்ந்தால் தன் வயிற்றுப் பிள்ளை தங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. திட்டினேன், கெஞ்சினேன். "ஒங்களுக்கு என்னா தெரியும், சும்மா இருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

எங்கள் பசியில் பங்குபோட வந்தவனுக்கு, நாங்கள் எங்கள் சோற்றையே போட்டுக்கொண்டிருந்தோம். தோட்டத்தின் வழக்கமான உபசாரம் என்று நினைத்து அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பிடித்திருந்த வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டான். நேராக மாரியாயி அக்காவிடம் போய், "அக்கா, நான் விரதம் இல்லை" என்றான்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா! நெசமா வெரதம் இருக்கறவங்க வெளிய சொல்லவே மாட்டாங்க."

அன்று சோற்றைத் தொட மறுத்தான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சாமி கோபித்துக்கொண்டது என்று அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரவு ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று நான் ஆடிப்போய்விட்டேன்.

மறுநாள் ரப்பர்க் காட்டில் அவனுக்கு ஒரு யோசனை சொன்னேன். "தம்பி, வெரதந்தான்னு ஒத்துக்க. ஆனா புள்ளத்தாச்சிப் பொம்பள சாப்பிட்ட பெறகுதான் நான் சாப்பிடணும், அதான் என் வெரதத்துக்கு நியமம்னு சொல்லிரு. யாரும் மீற மாட்டாங்க."

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! ஒரு உயிர் ஊசலாடுகிறது, இவனுக்கு ஒரு சின்னப் பொய் வரவில்லையா?

இரண்டு பையன்களும் ஒதுங்கிப் போய் ஏதோ பேசினார்கள். ரப்பர்ச் சருகு மேல் முட்டி போட்டார்கள். வெகுநேரம் கழித்து எழுந்து வந்தபோது டேனியல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்பொழுது பொய் இல்லை, ஐயா. நாங்கள் விரதம் எடுத்துக்கொண்டோம். நீங்கள் சொன்ன நியமத்துடன்!"

அன்று மத்தியானம் அடுப்படியில் அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னான். தன் விரதத்தில் கர்ப்பிணி முதலில் உண்ண வேண்டும். முழுத் தட்டு, வயிறு நிறைய. பிறகு மற்றவர்கள். கடைசியில் அவனுக்கும் கூட்டாளிக்கும் ஒரே ஒரு வாய்.

யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்பார்களா? விரத நியமமாயிற்றே! "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்று மாரியாயி அக்கா அவனைத்தான் கடிந்துகொண்டார். அஞ்சலை முதல் ஆளாக உட்கார்ந்தாள். அவள் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிடும்வரை அந்த இரண்டு பையன்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதுபோல் அப்பால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளை நிறைமாசத்தில் பிறந்தது. கொழுகொழுவென்று ஒரு பெண்.

பையன்கள் வேறு ஊருக்குப் போனார்கள். பிறகு தங்கள் நாட்டுக்கே போய்விட்டார்கள். ஆனால் நியமம் போகவில்லை. கட்டுப்பாடெல்லாம் நீங்கி அவரவர் அடுப்பில் பொங்கத் தொடங்கிய பிறகும், எங்கள் லயத்தில் எந்த விசேஷமானாலும் முதல் பந்தி பிள்ளைத்தாச்சிக்குத்தான்.

இதுவரை சொல்லி நிறுத்தினேன். ஈப்போ பையன் மொழிபெயர்த்து முடித்ததும், அமெரிக்கப் பையன் ஆவலாக ஏதோ கேட்டான்.

"டேனியல் அங்க எத்தன பேர சபையில சேத்தாருன்னு கேக்கறாரு, அங்கிள்."

"ஒருத்தர்கூட இல்லப்பா" என்றேன். பாவம், பையனின் முகம் வாடிவிட்டது. உள்ளதைத்தானே சொல்ல முடியும்? தோட்டமே கடைப்பிடித்த அந்த ஒரே கட்டளையும் அவன் வேதத்தில் இல்லாதது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பேக்டரி பஸ் வந்து நின்றது. அஞ்சலை எழுந்தாள்.

"இவருக்குக் கணக்கு வராதுப்பா. ஒரு ஆள் இருக்கு. அந்தா எறங்குது பாரு!"

காலை ஷிப்ட் முடிந்து, அன்று நிறைமாசத்தில் பிறந்த எங்கள் மகள் வந்துகொண்டிருந்தாள். பையன்கள் இரண்டு பேரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். ஒன்றும் புரியாமல் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செருப்பைக் கழற்றியபடியே அவள் கேட்ட முதல் கேள்வி:

"அம்மா... டீ இருக்கா?"