உச்சிக் கிளை

தனக்கென்று எதுவுமே இல்லாத ஒருத்தியால் எதைக் கொடுக்க மறுக்க முடியும்?

சின்னக்குழந்தை புளியமரத்தில் இருந்தாள். நான் முதலில் பார்த்தபோது பதினொரு வயது. பாதத்தைக் கிளையில் பதித்து, மேல் கொம்பைப் பிடித்து இரண்டு முறை உலுக்குவாள். நின்று, கீழே பொறுக்குகிறவர்கள் விலகிவிட்டார்களா என்று பார்த்த பிறகே மூன்றாம் முறை. எழுபத்தேழில் தொடங்கி மூன்று பங்குனிகள் இதைப் பார்த்தேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலை ஊரில் அப்போது நான் வாத்தியார். பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் உண்டு, வகுப்புக்கு வந்ததில்லை.

தாய் தகப்பன் இல்லை. பெரியப்பன் தீர்த்தகிரி வீட்டில் ஆட்டுப்பட்டியோரம் படுக்கை. எல்லாரும் தின்றபின் அடிப்பிடித்த சாமைச்சோறு. பெரியம்மா வெள்ளையம்மாள் தன்னை அடிப்பதற்கான புளியவிளாரையும் சின்னக்குழந்தையே ஒடித்துவர வேண்டும். இலையை உருவிவிட்டுத்தான் கொடுப்பாள். மரம் அவள் அப்பனின் பங்கு என்று ஊரில் சொன்னார்கள். அவள் சொல்லிக் கேட்டதில்லை.

"வுழுந்தா அழ ஆளில்ல, அதான் ஏத்தி வுட்றேன்" என்று வெள்ளையம்மாள் சிரிப்பாள். அவளுடைய பிள்ளைகள் பாதி மரத்துக்கு மேல் போவதில்லை.

உச்சியில் ஒரு கிளையை மட்டும் சின்னக்குழந்தை உலுக்கமாட்டாள். அந்த மெல்லிய கொம்பு தாங்குவதும் அவள் ஒருத்தியைத்தான். பழம் அங்கேயே காய்ந்து தொங்கும். வருடா வருடம் அதற்கு அடி. யாருக்காக விடுகிறாய் என்று கேட்டேன். "இருந்துட்டுப் போவுதுங்க சார்" என்றாள். அம்மா நினைவோ, குரங்குகளுக்கோ என்று பல காரணங்களை யோசித்தேன். எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை.

மூன்றாம் வருடம் வெள்ளையம்மாள் எல்லார் முன்னும் சொன்னாள்: "இந்த வாட்டி அந்தக் கெளைய வுட்டுட்டு எறங்குன, வூட்டாண்ட வராத. இன்னா?"

"சரி பெரிம்மா."

ஏறும்முன் ஒரு சாக்கை நான்காக மடித்து மரத்தடியில் வைத்தாள். அதுதான் அவள் போர்வை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மரம் முழுக்க உலுக்கினாள். உச்சிக் கிளைக்கு வந்து, அதைப் பிடித்தபடி சற்று நின்றாள். கீழே ஒருவரும் பொறுக்கவில்லை, அண்ணாந்து பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டு இறங்கினாள்.

சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கடி போற? கூடைய யாரு தூக்குவா?" வெள்ளையம்மாளின் குரலில் பழைய அதட்டல் இல்லை.

சின்னக்குழந்தை பஸ் வரும் சாலைப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். உருண்டு வந்திருந்த ஒரு புளியம்பழம் காலில் தட்டியது. எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். திரும்பி வந்து, அதைப் பெரியம்மாவின் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.