முருங்கனும் பேசாலையும் ஒரே வெக்கை

ஒரு பொய் வரைபைக் காட்டித்தான் நான் கலியாணம் கட்டினேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட, "சின்னச் சின்னப் பொய்கள் சொன்னேன் சுவாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவேன். அது சின்னப் பொய்தானா?... நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். மன்னாரில் ஒரு கந்தோரில் நான் புள்ளிவிபர உத்தியோகத்தர். அதோடு, ஆளை ஏமாற்றும் வரைபுகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி என்று மற்றக் கந்தோர்க்காரருக்கு வகுப்பும் எடுக்கிறேன்! ஒரு சலாகை வரைபின் பட்டைகள் பூச்சியத்தில் தொடங்கவில்லையா, விடமாட்டேன். வட்ட வரைபின் துண்டுகளைக் கூட்டினால் நூறு வீதத்தைத் தாண்டுகிறதா, கீறியவரை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். "சேர் சாப்பாட்டுக் கோப்பையிலும் அச்சைத்தான் தேடுவார்" என்று பின்னால் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். அவர்களுக்கு என் வரைபைப் பற்றித் தெரியாது.

ஜெசிந்தா அப்போது எங்கள் கந்தோரில் எனக்கு அடுத்த மேசை. பேசாலைப் பெண். தகப்பன் சம்மாட்டி, சொந்தமாகப் படகுகள் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புபவர். எங்கள் விருப்பம் தெரிந்தபோது அவர் குலம் கோத்திரம் ஒன்றும் விசாரிக்கவில்லை. என் சம்பளத்தையும் கேட்கவில்லை. என் ஊரைக் கேட்டார். முருங்கன் என்றேன், கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற வயல் ஊர். முகம் விழுந்துவிட்டது.

"முருங்கன் சரியான வெக்கை, தம்பி. என்ர பிள்ளை கடற்காத்தில வளந்தவள். அங்க வந்து அவிஞ்சு போவாள்."

நியாயமான பேச்சு! "ஓம், வெக்கைதான். நான் பார்த்துக்கொள்ளுவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? அந்த ஒரு காரணத்துக்காக அவர் மறுத்துவிடுவார் என்று பயந்தேன். பயந்தவன் கையில் கணினி இருந்தது.

கந்தோரில் இரண்டு ஊர்களின் வெப்பநிலைப் பதிவுகளும் கிடந்தன. பேசாலைக்கு நீலக் கோடு, முருங்கனுக்குச் சிவப்புக் கோடு. கோட்டு வரைபு என்றால், இருக்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி அளவிடை வைக்க வேண்டும். இது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை இழுத்தேன். நூறு! தண்ணீர் கொதிக்கிற சூடு! அந்த வரைபில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒன்று கொதித்திருக்க வேண்டும்.

அது போதாதென்று பகலையும் இரவையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். மத்தியான வெயில் விடியற்காலைக் குளிருக்குள் ஒளிந்துகொண்டது. கோடுகளையும் கொழுக்க வைத்தேன். சிவப்பு, நீலத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டது.

எண்கள் எல்லாம் சரி. ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. அதுதான் இதில் இன்னும் கேவலம்!

தாளைக் கொண்டுபோய் ஜெசிந்தாவின் தகப்பனிடம், அதுதான் இப்போது என் மாமா, கொடுத்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒரே கோடாத்தான் கிடக்குது" என்றார். கலியாணம் நிச்சயமானது. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். பேசாலையிலிருந்து வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனேன்.

மாமா அந்தத் தாளை லமினேட் செய்து விறாந்தையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அவருடைய மருமகன் படித்தவன் என்பதற்கு அத்தாட்சி! செபமாலை சொல்ல நிமிர்ந்தால் மாதாவும் தெரிவார், என் பொய்யும் தெரியும்.

முருங்கனுக்கு வந்த ஜெசிந்தாவுக்கு வேர்த்தது. சாதாரண வேர்வையல்ல. மத்தியானத்தில் துவாயை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்பாள். கட்டிலை விட்டுச் சீமெந்துத் தரையில் படுப்பாள். நாங்கள் அங்கேயே பிறந்தவர்கள், ஒருவரும் முறைப்பாடு சொல்வதில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள்.

"உங்கட படத்தில ரெண்டு ஊரும் ஒண்டுதானே. அப்ப எனக்குத்தான் ஏதோ வருத்தம்."

நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓம்... நானேதான்! இரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்; அப்போது சொல்லியிருக்கலாம். "தண்ணி கூடக் குடியும்" என்று சொல்லிச் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். என்னைப் போல் அன்பான புருஷன் இல்லை என்று அன்றைக்கு அவள் அம்மாவுக்குப் போனில் சொன்னாள். கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இந்த வருசம் வீடு கட்டுகிற பேச்சு எழுந்தது. ஜெசிந்தாவுக்குப் பேசாலையில் சீதனக் காணி உண்டு, கடற்கரைக்குக் கிட்ட. அங்கேதான் கட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறு எதையும் அவள் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோரும் விறாந்தையில் இருந்தோம். மாமா எழும்பிப் போய் வரைபைச் சுவரிலிருந்து கழற்றினார்.

உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், மருமகனுக்கும் காணி வயல் எல்லாம் அந்தப் பக்கம், இரண்டும் ஒரே வெக்கை என்றால் முருங்கனிலேயே கட்டுங்கள் என்றார். ஜெசிந்தா கோட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "ஓம் அப்பா, சரிதான்" என்றாள். எனக்கு என் மேல் அப்படி ஒரு வெட்கம் வந்தது!

அடுத்த நாளே கந்தோரில் இருந்து புதிதாகக் கீறினேன். அதே பதிவுகள். மத்தியான அளவுகளை மட்டும் எடுத்தேன். அச்சை வேண்டிய அளவுக்குள் சுருக்கினேன். கோடுகளை மெலிய வைத்தேன். சிவப்பு நீலத்தை விட்டு எழும்பித் தனியாக நின்றது. என் வாழ்க்கையில் நான் கீறிய மிக அழகான வரைபு அது!

கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னையது ஏன் அப்படி இருந்தது என்று கேட்டார். இதோ, கதவு திறந்துதான் கிடந்தது... ஒரே ஒரு வசனம் போதும்!

"அது பழசு மாமா. இப்ப காலநிலை மாறிப்போச்சு."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. மாமா தலையை ஆட்டினார். உலகமெல்லாம் அதைத்தானே சொல்கிறார்கள் என்றார். புதிதையும் லமினேட் செய்து மாதாவுக்கு மற்றப் பக்கம் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் காட்டி, முருங்கன் ஆட்கள் மரத்தையெல்லாம் தறித்து ஊரைச் சுட வைத்துவிட்டார்கள் என்று விளக்கம் வேறு! வீட்டைச் சுற்றி வேம்பு நட்டு வளர்த்த என் அம்மா ஒரு திருநாள் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, இன்றுவரை சம்பந்தியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனாலும் வீடு பேசாலையில்தான் எழும்புகிறது. போன கிழமை பின்னேரம் அத்திவாரத்தைப் பார்க்கப் போனோம். கடற்காற்று அள்ளிக்கொண்டு வந்தது. ஜெசிந்தா கல்லில் ஏறி இருந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டினாள். நீங்கள் கணக்குப் பார்த்து எடுத்துச் சொன்னதால்தான் இந்த வீடு என்று என்னைப் புகழ்ந்தாள். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"முருங்கனில வெக்கை பிறகுதானே கூடினது. அப்ப, வந்த புதுசில எனக்கு ஏன் அப்பிடி வேர்த்தது?"

என் வகுப்பில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை! வாயைத் திறந்தேன்...

"புது இடம்தானே. பழக்கமில்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம். அப்ப என்னிலதான் பிழை" என்று சொல்லிச் சிரித்தாள். கோபமில்லை, குறையில்லை. அடுத்த பேச்சு ஜன்னலுக்குப் போய்விட்டது. எந்தப் பக்கம் வைப்போம் என்று கேட்டாள்.

கடல் பக்கம், பெரிதாக வைப்போம் என்றேன். அந்தப் பின்னேரம் நான் அவளுக்குச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.