அவள் எழுதாமல் விட்ட சொல்

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆசிரியன். சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் நடத்திவந்த வாசகசாலையில் மாதம் ஒரு பிரசங்கம் உண்டு. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று என்னைப் பேசச் சொன்னார்கள், அதுவும் தமிழில். நான் பாடம் நடத்துவது இங்கிலீஷில், வெளியே பேசுவது மலையாளத்தில். ரசத்தில் உப்புப் போதவில்லை என்று சொல்ல மட்டும்தான் தமிழ். இருந்தும் ஒப்புக்கொண்டேன். கர்வம்தான்.

கல்லூரிக்குக் கப்பலில் மாதக்கணக்கில் பிந்தி வரும் பத்திரிகைகளில் படித்தது எனக்குத் தலைக்கேறியிருந்தது. நம் பால்வீதி போன்ற சுருள் மண்டலங்களின் கைகளில் வாயுவும் தூசியும் மேகமாகக் கிடக்கின்றன. நட்சத்திரங்கள் அதில்தான் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது, மிகச் சூடானது எதுவோ, அது பிறந்த கையோடு தன்னைப் பெற்ற மேகத்தையே சுட ஆரம்பிக்கிறது. வாயு சூடேறி, விரிந்து, கலைந்துபோகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொன்று பிறக்க வழியில்லை. ஆனால் விரட்டப்பட்ட வாயு தூரத்தில் வேறொரு மேகத்தைப் போய் நெருக்கினால், அங்கே புதிதாகப் பிறக்கலாம் என்று சிலர் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மனைவிக்கு முத்து முத்தான எழுத்து. நான் எழுதியதைப் பார்த்து அவள் நல்ல பிரதி எடுத்துத் தருவதாக ஏற்பாடு. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில், அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, நான் உரக்கப் படித்துக்காட்டினேன். நடுவில் நிறுத்தினாள்.

"ஏன்னா, கலைஞ்சு போகும்னு வேண்டாமே. வேற வார்த்தை போடுங்கோளேன்."

அவள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டு தடவையும் தெரு முழுக்க ஒரே வார்த்தையைத்தான் குரலைத் தணித்துச் சொல்லிற்று. கலைஞ்சுடுத்தாம். எனக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் என் லட்சணம்.

"மேகம் கலையும்னுதானே தமிழ்? வேற என்ன எழுதறது?"

"சிதறும்னு எழுதுங்கோ. விலகும்னு எழுதுங்கோ."

"சிதறறதுக்கு அதென்ன அரிசியா? வாயு கலையத்தான் செய்யும்."

அவள் காகிதங்களை வாங்கிக்கொண்டாள்.

பிரசங்கத்தன்று மேடையில் நின்று படித்துக்கொண்டே போனேன். 'வாயு சூடேறி, விரிந்து' என்ற இடத்தில் வரி நின்றுபோயிருந்தது. ஒரு சொல் அகலத்துக்கு வெற்றிடம். அப்புறம் 'போகும்'. புரட்டினால் அடுத்த பக்கத்திலும் அப்படியே. மொத்தம் ஏழு இடம். ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்து, நினைவிலிருந்து அந்தச் சொல்லைப் போட்டு நிரப்பினேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

முடிந்ததும் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "சாரே, பிள்ளைக்க சாதகத்துல எழுதுகதுக்கு இந்த நட்சத்திரம் ஆகுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன். "ஏழு இடம் விட்டிருக்கே. சபையில மானம் போச்சு."

"வாயால சொல்றது உங்க பாடு," என்றாள். "கையால எழுத நேக்கு மனசு வரல்லே."

மூடநம்பிக்கை என்று கேலி செய்தேன். அவளும் லேசாகச் சிரித்துவைத்தாள்.

பத்து நாள் கழிந்திருக்கும். எடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் கல்லூரிக்கு ஆள் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "சாரமில்ல, இனியும் உண்டாவும்," என்று நர்ஸ் மலையாளத்தில், பரவாயில்லை என்கிற மாதிரி, ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவளே கேட்டாள். "அந்த வாயு என்ன ஆகும்னேள்?"

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. தெரிந்த பாடம் அல்லவா. "அழிஞ்சு போகாது. தூரத்துல போய்ச் சேரும். அங்க புதுசா நட்சத்திரம் பொறக்கும்," என்றேன்.

"அது வேற நட்சத்திரம்தானே?"

"ஆமாம்."

"ஏன்னா, இதுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லையே," என்றாள். "பொறந்திருந்தாத்தானே இருக்கும்?"

கடைக்காரர் கேட்டதற்குச் சிரித்த சிரிப்பு அப்போது ஞாபகம் வந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு சொல்லால் கரு கலைவதில்லை. பௌதிகம் படித்தவனுக்கு அது தெரியும். ஆனால் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்திருக்கலாம். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அப்புறம் எங்களுக்குக் குழந்தை இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அந்தப் பிரசங்கத்தை அனுப்பலாம் என்று பிரதியை எடுத்தேன். ஏழு இடத்தை நிரப்பினால் போதும். பேனாவைத் திறந்து முதல் வெற்றிடத்தில் வைத்தேன். எழுத எனக்கும் மனசு வரவில்லை.