முள் இறங்கியதைச் சொன்னவன்

சுருளிராஜனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. லீவில் உத்தமபாளையம் வந்த நாளிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறான். போன் அடித்தால் திடுக்கிடுகிறான். அடிக்காவிட்டால் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறான்.

"வெந்நியக் கால்ல ஊத்துனாப்புல எதுக்கு அலையுறீக? உக்காந்து இட்லியத் தின்னுங்க" என்றாள் மனைவி பாண்டீஸ்வரி.

"கம்பெனியில திரும்பக் கூப்பிடுவாகளான்னு தெரியலையே."

"கூப்பிடலேன்னா திராட்சைக்கு மருந்தடிக்கப் போங்க. அங்கன முங்கிச் சாக மாட்டீக."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காக்கிநாடாவுக்குக் கிழக்கே, ஆழ்கடலில் மிதக்கும் எண்ணெய் மேடையில் வேலை அவனுக்கு. கடலடிக் கிணற்றில் அழுத்தம் எகிறினால் வாயை அடைக்கும் பெரிய வால்வைச் சோதிக்கிற குழுவில் ஒருவன். சோதனையின்போது கம்பெனி மேனேஜரும் அரசாங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டரும் சேர்ந்தே நிற்பார்கள். குறை எதுவானாலும் இருவர் முன்னாலும் சொல்ல வேண்டும், சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது என்று இரு தரப்பும் பேசி வைத்திருந்தார்கள்.

சுருளி பிசகியது அங்கேதான். சோதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஒரு நூல் இறங்குவதைக் கண்டான். வாய்க்கால் கரை கசிந்தால் கண்ணில் முதலில் படுகிற ஆளிடம் சொல்லிவிடுவது இவன் ஊர்ப் பழக்கம். மடை திறக்கும் லஸ்கரோ பக்கத்து வயல்காரரோ, யாராயிருந்தால் என்ன? டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டான். எண்ணெய் எடுப்பது நின்றது. "என் ஆள் என்னை விட்டுட்டு உங்ககிட்ட வந்தானா?" என்று மேனேஜர் கேட்டது இவன் காதிலும் விழுந்தது. மறுசோதனைக்கு முன்பே இவன் முறை முடிந்து ஹெலிகாப்டர் ஏற்றிவிட்டார்கள்.

"இன்னைக்கி நம்ம தண்ணி முறை. அந்த நடையக் கரையில நடங்க" என்று விரட்டினாள் பாண்டீஸ்வரி.

போனான். மடைக்குக் கீழே கரையில் கசிவு. லஸ்கரைக் கூப்பிட வாயெடுத்தவன் சற்று நின்றான். "லஸ்கர் அண்ணே! ஹக்கீம் அண்ணே! ரெண்டு பேரும் வாங்க!"

பக்கத்து வயல் ஹக்கீம் வந்து குனிந்து பார்த்தார். "நண்டு வளைக்கா ஏலே பஞ்சாயத்தக் கூட்டுற?"

லஸ்கர் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. மேனேஜர்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு. சோதனைக் குழாயோட இணைப்புலதான் கசிவு. ஒரு நாள் வேலை போச்சு."

அதே போனில், பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் குரல் குறுக்கிட்டது. "அந்த இணைப்ப வச்சுத்தான் அடுத்த சோதனையும் பண்ணியிருப்போம். ரெண்டு பேருமே ஏமாந்திருப்போம். அதையும் சொல்லுங்க சார்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் மேனேஜர். "சுருளி, உன் முறைக்கு வந்து சேரு. அடுத்த தடவை ரெண்டு பேரையும் நிக்கவச்சுச் சொல்லு. ஆனா சொல்லாம மட்டும் இருந்துராத."

வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி அங்குமிங்கும் நடந்தான்.

"கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாக."

"அப்புறம் என்ன நடை?"

"என் பையி எங்கன?"