செத்தவர் சைக்கிள் கடை

ஊர் நாற்சந்தியில் போர் நினைவுக்கல் நிற்கிறது. அதற்கு நேர் எதிரே ஒரு சைக்கிள் கடை. போரில் செத்தவர்கள் என்று கல்லில் பொறித்த பெயர்களில் கடைசிப் பெயர் அந்தக் கடைக்காரருடையது. அவரோ எதிரே சாவகாசமாக உட்கார்ந்து டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், செத்தவர் கடையில் இடது பக்கம் திரும்பச் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். போரில் அவர் எதிரியிடம் பிடிபட்டார். ஊருக்கோ அவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஊர் அழுது தீர்த்துக் கல்லையும் நட்டது. போர் முடிந்து வெகுநாள் கழித்து ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஆளும் வந்தாயிற்று, கல்லும் நட்டாயிற்று. எதைத் திருப்பி அனுப்புவது? இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து ஊர்த் தையல்காரி அவருக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்லில் இருக்கிற ஆளைக் கட்டிக்கொண்ட கெட்டிக்காரி என்று கல்யாணத்தன்றே யாரோ கிண்டலடித்தார்கள். அன்று ஏறிய கோபம் இறங்கவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கல்லின் முன்னால் ஊர் கூடும். ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தந்த வீட்டார் வந்து பூ வைப்பார்கள். கடைசிப் பெயருக்கு இவரே எழுந்து போய்த் தனக்குத் தானே பூ வைப்பார். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும், அவரும் சிரிப்பார். அவள் மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள். புருஷன் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்து வாசித்தால் எந்தப் பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரும்?

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஊருக்கெல்லாம் கோட்டு தைப்பவள், கல்யாணமான புதிதில் அவருக்கும் ஆசையாக ஒன்று தைத்தாள். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் குளிரிலும் சட்டைமேல் சட்டை போடுவாரே தவிர கோட்டு மாட்டமாட்டார். கேட்டால் புழுக்கமாக இருக்கிறது என்பார். சொல்லும்போதே பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கல்லைப் பெயர்த்துச் சற்றுத் தள்ளி நட வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. நேரே ஊர்த் தலைவியிடம் போய், கல்தச்சர் வரும்போதே தன் புருஷன் பெயரைக் கொத்தி எடுத்துவிடச் சொன்னாள். நியாயம்தானே என்று தலைவியும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார். மறுநாள் கடை திறக்கவில்லை. வெட்டிப் பெருமைக்காக முறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்து அவள் வெடித்தாள்.

"செத்தவன்னு பேர் வாங்கறதுல அப்படி என்னங்க பெருமை?"

"அந்த இடம் போச்சுன்னா மாவுக்கு இடமே இல்ல" என்றார் அவர்.

பிறகுதான் மாவு யாரென்று சொன்னார். இதே ஊர் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவன், தாய் தகப்பன் இல்லாதவன். தலைமுடி வரை மாவோடு திரிந்ததால் ஊர் வைத்த பெயர் அது. பட்டாளத்தில் பெயர் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மறுநாள் அதையும் மறந்துபோனவன். போர்முனையில் அவன் குளிரில் நடுங்கியதைப் பொறுக்காமல் இவர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் உள்ளே இவர் பெயர் தைத்திருந்தது. அந்தக் கோட்டோடுதான் மாவு செத்தான். பெயரைப் பார்த்தவர்கள் இவரென்று நினைத்துத் தகவல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும் இவர் அன்றைய தலைவரிடம் சொல்லிப் பார்த்தார். நாதியில்லாதவனுக்காக மறுபடி கல்லைக் கொத்துவதா என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து தன் பெயருக்கு இவர் வைத்ததெல்லாம் மாவுக்கான பூ. ஊர் சிரித்தால் என்ன, மாவு இருந்தால் அவனும்தான் சிரித்திருப்பான்.

இது தெரியாமல் இத்தனை வருடம் தலையில் அடித்துக்கொண்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி தலைவி வீட்டுக்கு நடந்தாள்.

தலைவி முழுவதையும் கேட்டார். ஆனால் போர் நினைவுக்கல்லில் போய் 'மாவு' என்று எப்படிப் பொறிப்பது, சரியான பெயர் வேண்டாமா என்று தயங்கினார்.

"சரியான பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அந்த மாவே திரும்பிப் பாக்கமாட்டாருங்க" என்றாள் தையல்காரி. "இந்த ஊர் அவருக்குன்னு குடுத்தது இந்தப் பேரு ஒண்ணுதான்."

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்தச்சரைக் கூப்பிட்டு, கடைசிப் பெயரை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாவு என்று பொறிக்கச் சொன்னார்.

இந்த வருடம் ஊர் கூடிய காலையில் நல்ல குளிர். கடைசியாக, "மாவு" என்று வாசித்தார்கள். அவனை அறிந்த பழைய ஆட்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்தவரும் அவர் பெண்டாட்டியும் சேர்ந்து போய்ப் பூ வைத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் கையைத் தேய்த்துக்கொண்டே, "அந்தக் கோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது, பெட்டியின் அடியில். ஆனால் பொத்தான் வயிற்றைத் தாண்டி வர மறுத்தது. புது மாப்பிள்ளைக்குத் தைத்ததாயிற்றே! அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்து, இரண்டு பக்கமும் துணி கொடுத்துத் தைத்தாள். முடித்த பிறகு, காலருக்குக் கீழே உள்பக்கமாக, கல்லிலிருந்து இறங்கி வந்த அந்தப் பெயரைச் சிவப்பு நூலால் தைத்து வைத்தாள்.