முட்டைக்காசில் ஒரு டின்பால்

ஈரத் துணியால் முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பஞ்சாலை. பால்வெட்டு முடிந்து வந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையில் ஒட்டிய ரப்பர்ப் பிசினைக்கூட உரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எச்சம் ஒட்டியிருந்தால் ஆபீஸ் கிளார்க்கான கிராணியின் வீட்டம்மா முட்டைக்கு ஒரு காசு குறைத்துவிடுவார். அவள் கைக்கு நேராக வரும் காசு அது ஒன்றுதான். மரம் வெட்டும் கூலியெல்லாம் ஆபீசுக்கும் கடைக்கும் நடுவிலேயே கரைந்துபோகும்.

அடுத்த வீட்டு மங்கம்மா வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, பொன்னைத் துடைக்கிறாப்ல துடைக்கிற? கடைக்குப் போனா எனக்கு ஒரு கட்டுப் பொகையில வாங்கியாந்துரு. கார்டுல வேணாம்லா. இந்தா, காசு."

"ஏன், உன் புருசன் வைவாரா?"

"அவரு வைஞ்சாத் தேவலையே! சம்பளத்தன்னைக்குக் கிராணி கார்டை வாசிக்கிறப்ப என் மாமியா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. போன மாசம் அந்தக் கிராணி 'பொகையில நாலு கட்டு'ன்னு மந்திரம் சொல்றாப்ல சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த நாலுல ரெண்டரை அவ தின்னது. பேரு எனக்கு!"

இருவரும் சிரித்தார்கள். பஞ்சாலை காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மலாயாவில், சுவா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். காட்டுக்குள் இருந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கச் சர்க்கார் போட்ட அவசரகாலம் தொடங்கி நாலாம் வருஷம். கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாகிவிட்டது. கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. போனால் அது காட்டில் இருப்பவர்களின் வயிற்றுக்குத்தான் போகும் என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு. அதில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள். கடையில் எதை வாங்கினாலும் கடை முதலாளியான சீனத் தவுக்கே அதில் எழுதிக் கொடுப்பான். சம்பள நாளில் கிராணி ஒவ்வொரு கார்டையும் ஆபீஸ் வாசலில் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்துக் கூலியில் கழித்துக்கொள்வார். தன் வீட்டு அடுப்பில் மாசமெல்லாம் என்ன வெந்தது என்பதைப் பல புருஷன்மார்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வார்கள். போலீசும் அதே கார்டைத்தான் வாங்கிப் பார்த்தது. அதனால் சில பெண்கள் சில சாமான்களைக் கைக்காசு கொடுத்தே வாங்கினார்கள். ஒருத்திக்குப் புகையிலை, ஒருத்திக்கு முகப்பவுடர். பஞ்சாலைக்கு டின்பால்.

அந்தப் பால் அவள் பேரனுக்கு. அவள் புருஷன் முனியாண்டியைக் கேட்டால் அவனுக்குப் பேரனே கிடையாது.

ஒரே மகள் மயிலம்மாள். ரப்பர் ஷீட் ஏற்ற வரும் லாரியில் கிளீனராக இருந்த டொனால்ட் என்ற வேதக்காரப் பையனோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். சிரம்பானில் ஞானஸ்நானம் கொடுத்து ஃபிளோரா என்று பெயர் வைத்து மாதா கோயிலில் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்று சேதி வந்தது. சிரம்பான் பக்கத்து மம்பாவில் ஒரு தகரக் கூரை வீட்டில் குடியிருந்தார்கள். சேதி வந்த அன்றைக்கே முனியாண்டி பொதுக்குழாயடியில் நாலு பேர் பார்க்கத் தலைமுழுகினான். மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். பஞ்சாலையும் பின்னாலேயே ஓடினாள்.

"மக பேரை அடிச்சிருங்கய்யா."

"எந்த ஊருக்குப் போனான்னு சொல்லுப்பா. மாத்துச் சீட்டு எழுதித் தாரேன். அதைக் காட்டினாத்தான் அந்த ஊருல புதுக் கார்டு குடுப்பான்" என்றார் கிராணி.

"ஊரெல்லாம் இல்ல. செத்துட்டான்னு எழுதுங்க."

கிராணி பேனாவைப் பிடித்தபடியே சிரித்தார். "தலைமுழுகிட்டியாக்கும்?"

"ஐயா, வேணாங்கய்யா" என்றாள் பஞ்சாலை.

"நீ பேசாம இரு. ஆறு மாசத்துல இவனே வந்து திருப்பி எழுதச் சொல்லுவான்" என்று சொல்லிக்கொண்டே கிராணி சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதினார். ஒரு ஆள் அரிசி குறைவதில் அவருக்கு என்ன நஷ்டம்?

கோபத்தில் மகளைத் தலைமுழுகிய அப்பன்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தலை காய்ந்து, பேறுகாலம் வந்ததும் சட்டியும் துணியுமாகப் போய் நிற்பார்கள். முனியாண்டி மட்டும் அதை மையில் எழுதிவைத்துவிட்டான். ஆறு மாசம் ஆனது, வருஷமும் ஆனது. அவன் ஆபீஸ் பக்கம் போகவில்லை. செத்தவளுக்கு மாத்துச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் மம்பாவில் கார்டு இல்லை. தாய்க்குக் கார்டு இல்லாததால் பிறந்த பிள்ளையையும் எதிலும் ஏற்றவில்லை. டொனால்ட் ஒருவனுக்கு அளந்த அரிசியை இரண்டு பேர் தின்றார்கள். மயிலம்மாளுக்குப் பால் வற்றிவிட்டது. அந்த ஊர்க் கடைக்காரன் காசைப் பார்க்கவில்லை, கார்டைத்தான் கேட்டான்.

பஞ்சாலை தன் தோட்டத்துத் தவுக்கேயிடம் போனாள். கார்டில் வாங்கும் டின்னை அவன் அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். யாரும் சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம். கார்டில் எழுதாமல் மறைவாகக் காசுக்கு விற்கும் டின்னுக்கு விலை கொஞ்சம் கூட. ஓட்டை இல்லை. வாரம் ஒரு டின். ஞாயிற்றுக்கிழமை அதை இடுப்புச் சேலை மடிப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலையில் இருந்த தாயம்மாவின் கை முதல் தடவை அந்த டின்மேல் வந்து நின்றது.

"என்னக்கா இது, கல்லு மாதிரி?"

"கட்டி."

தாயம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "போ. கட்டியைக் கீழ போட்டுராத" என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

இப்படிப் பதினோரு வாரம் ஓடியது.

கடைசி முட்டையைத் துடைத்துக் கூடையில் வைத்தபோது கூலிகளை மேய்க்கும் மண்டோர் சன்னாசி வந்தார். எப்போதும் படியேறும்போதே ஏதாவது கிண்டல் செய்கிறவர், அன்றைக்கு வெளியிலேயே நின்றார்.

"பஞ்சாலை, ஆபீசுக்கு வா. போலீசு மாத்தாக்காரங்க கடையை எண்ணியிருக்காங்க. டின்பால் கொறையுதாம்."

"எத்தனை பேரைக் கூப்பிட்டாங்கண்ணே?"

"உன்னை மட்டுந்தான். தவுக்கே உன் பேரைத்தான் சொன்னான்."

மங்கம்மா சத்தமில்லாமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய புகையிலைக் காசு பஞ்சாலையின் முந்தானையிலேயே இருந்தது.

ஆபீசில் மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, களைத்துப்போயிருந்தார். பக்கத்தில் கிராணி. சுவரோரமாக முனியாண்டி. புல்வெட்டிலிருந்து அப்படியே கூட்டிவந்திருந்தார்கள். முழங்காலில் மண் காயவில்லை. மேசையில் அவர்கள் வீட்டுக் கார்டு.

இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார். "கார்டு இருக்கிறப்ப ஏன் காசு குடுத்து வாங்கினேன்னு கேக்குறாரு."

"கார்டுல வாங்கினா இவருக்குத் தெரிஞ்சிரும் துவான்." பஞ்சாலை முனியாண்டியைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சிரித்தார். "புருஷனுக்கா, போலீசுக்கா?"

"புருசனுக்குத்தான். என் மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. மம்பாவுல இருக்கா. கொண்டுபோய்க் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "மகள் செத்துவிட்டாளே."

"சாகல துவான். கோவத்துல எழுதுனது. ஐயாவுக்கே தெரியும். ஐயா, சொல்லுங்கய்யா."

கிராணி உடனே மலாயில் மாற்றவில்லை. செத்ததற்குச் சர்ட்டிபிகேட் வாங்காமல் கோடு போட்டது அவர் கை. வேலை போகும், அவசரகாலத்தில் வேலையோடு நிற்குமா என்பதும் தெரியாது. மைக்கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். அதில் தன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது பஞ்சாலைக்கே புரிந்தது.

"மகள் பெயர் என்ன?"

"மயிலம்மா. இப்ப அங்க ஃபிளோரான்னு கூப்பிடுறாங்க."

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். மம்பாவில் போய் விசாரித்தால் அங்கே இருப்பவள் ஃபிளோரா. இங்கே எழுதியிருப்பது செத்துப்போன மயிலம்மாள். நடுவில் காட்டுக்குப் போகக்கூடிய பதினோரு டின். மெதுவாகப் பேசினார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மக உசிரோட இருக்கான்னு உன் புருசன் சொல்லிக் கைநாட்டு வச்சாப் போதுமாம். குடும்ப விசயம்னு எழுதி அபராதத்தோட விட்டுருவாராம். இல்லன்னா சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போவாராம். உள்ள வச்சா எப்ப விடுவாங்கன்னு அவருக்கே தெரியாதாம்."

பஞ்சாலைக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தைதானே. அதைச் சொல்லிவிட்டால் மகளுக்குக்கூடக் கார்டு கிடைத்துவிடும். பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்தாங்க. சொல்லிருங்க. வீட்டுக்குக் கூட்டியார வேணாம். மூஞ்சியில முழிக்க வேணாம். இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

முனியாண்டி தலைத்துண்டைப் பிசைந்துகொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடியிருந்தார்கள், குழாயடியில் அன்றைக்கு நின்று பார்த்த அதே ஆட்கள். கார்டில் பொய் எழுதவைத்தவன் என்று தன்னையும் லாரியில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயமும் அவன் கண்ணில் இருந்தது. இருபத்தோரு வருஷம் சேர்ந்திருந்தவள் என்பதால் வீம்பையும் பயத்தையும் பஞ்சாலை தனித்தனியாகப் பார்த்தாள். எது பெரியது என்றுதான் தெரியவில்லை.

"முனியாண்டி, உன் மக உசிரோட இருக்காளா?" என்று கேட்டார் கிராணி.

"கார்டுல என்ன எழுதியிருக்கோ அதாங்கய்யா" என்றான் முனியாண்டி.

கிராணி மூச்சை விட்டார். இதை மட்டும் தயங்காமல் மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒரு தடவை முனியாண்டியைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பஞ்சாலை அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மங்கம்மாவின் காசை மேசைமேல் வைத்தாள். "இது அடுத்த வீட்டுக் காசு. குடுத்துருங்கய்யா" என்றாள். எதற்கான காசு என்று சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த பெண் போலீஸ் அவள் முழங்கையைத் தொட்டாள். வாசல்வரை போனவள் முனியாண்டி பக்கம் திரும்பினாள்.

"கூடையில இருவது முட்டை இருக்கு. தொடைச்சு வச்சிருக்கேன். கோழியைச் சாயங்காலம் அடைச்சிருங்க. அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு டின் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு வாங்கினது. நீங்க கொண்டுபோய்க் குடுப்பீங்களா?"

கிராணி அதை மலாயில் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் நீட்டிய கார்டை முனியாண்டி இரண்டு கையாலும் வாங்கினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பையின் பொத்தான் விரலுக்குச் சிக்கவில்லை. குனிந்து அதைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அதைப் போட்டு முடிக்கும்வரை பஞ்சாலை நின்றாள். பிறகு வெளியே போனாள்.